வடக்குக் கென்யாவின் மார்சபிட்டில் போரானா ஆட்டக்காரர்களைப் படமெடுக்கப் போகிறேன்: போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள். கேள்வி கேட்பது இது இரண்டாவது தடவை. ஊர் திருநெல்வேலி. பிழைப்பு பிசியோதெரபி, லீவு கிடைத்தால் கேமரா. பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கோயில் கொடைகளில் கணியான் கூத்து, கரகம், தப்பு என்று ஆட்டக்காரர்களையே சுற்றி வருகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்துப் பழகிய கை. வெயிலில் ஆட்டம் எடுத்தது குறைவு.

தம்பி நைரோபியில் வேலை பார்க்கிறான். அவனோடு அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெண் போரானா (வடக்குக் கென்யாவிலும் தெற்கு எத்தியோப்பியாவிலும் மாடு மேய்க்கும் இனம்). அவளுடைய சொந்தக்காரர்கள் மார்சபிட்டில் இருக்கிறார்கள். "எங்கள் பக்கத்தில் ஒரு ஆட்டக் குழு இருக்கிறது, அக்கா வந்தால் நானே கூட்டிப்போகிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். டிக்கெட் போட்டாயிற்று, ஈ.டி.ஏ. (கென்யா போக இணையத்தில் வாங்கும் முன் அனுமதி) வந்துவிட்டது. மொத்தம் 12 நாள், அதில் வடக்கே 5 நாள்.

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் ஒரே மாதிரி: மணிமாலை போட்ட ஒரு முகம், பின்னால் மங்கலான பாலைவனம், கீழே "ஆப்பிரிக்கப் பழங்குடிப் பெண்". பெயரில்லை, ஊரில்லை, என்ன ஆட்டம் என்றும் இல்லை. அந்த மாதிரி இன்னொன்றை எடுத்து வருவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதெல்லாம். வெள்ளைத் துணி, கறுத்த முகம், உச்சி வெயில் மூன்றும் ஒரே ஃபிரேமில் வந்தால் எக்ஸ்போஷரை எதற்கு வைப்பது? காசு கொடுக்கலாமா, கொடுத்தால் யாரிடம்? 24-70, 70-200 லென்ஸ் இரண்டும் இருக்கின்றன, 35 ஒன்று இரவல் கிடைக்கும்; மூன்றையும் சுமக்க வேண்டுமா? அப்புறம், ட்ரோன் எடுத்துப் போகலாமா என்று தம்பி கேட்கச் சொன்னான்.

வெயில்காலம் எழுதியது:

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கென்யாவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மற்றபடி ஆட்டம் என்றால் ஷட்டர் வேகம் 1/1000 நொடி, தொடர் ஷாட், ஃபோகஸைக் கண்ணில் பிடிக்க விட்டுவிடுங்கள். நொடிக்கு 20 படம் விழுந்தால் ஒன்றாவது தேறும். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், முகத்தை வீட்டில் தூக்கிக்கொள்ளலாம்.

ஆத்தி ஆற்றங்கரை எழுதியது:

பொருநைக்கரை அம்மா, வணக்கம். நான் நைரோபியில் 17 வருஷமாக இருக்கிறேன். சூரிய சக்தி பம்பு பொருத்துவதும் பழுது பார்ப்பதும் தொழில். அதனால் வருஷத்தில் நாலைந்து தடவை இசியோலோ, மார்சபிட், மொயாலே என்று வடக்கே போகிற ஆள். போரானா கல்யாணம் இரண்டில் சாப்பிட்டிருக்கிறேன். குழு ஆட்டம் எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கேமரா எனக்குப் பொழுதுபோக்குதான், பரிசெல்லாம் வாங்கியதில்லை. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெயில்காலம் தம்பி சொன்ன தொடர் ஷாட். அதைத்தான் நானும் முதல் தடவை செய்தேன். மார்சபிட்டுக்கு வெளியே ஒரு கல்யாணம். மாடு திரும்பி வருகிற நேரம், புழுதி பொன்னாக நிற்கிறது. ஆண்கள் கையில் கம்போடு நெருக்கமாக நிற்கிறார்கள், பெண்கள் எதிரே கை தட்டுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 600 படத்துக்கு மேல் தட்டினேன். வீட்டில் வந்து பார்த்தால் அத்தனையும் ஒரே படம்: கம்புகள் மேலே, வாய்கள் திறந்து. ஆட்டத்தைக் காணோம்.

அடுத்த தடவை கேமராவைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு நின்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அங்கே மேளம் கிடையாது. தொண்டைதான் மேளம். ஒருவர் முன்பாட்டுப் பாடுவார், வரி முடியும் இடத்தில் மற்றவர்கள் அடித்தொண்டையிலிருந்து ஒரு ஒலி கொடுப்பார்கள். உறுமலுக்கும் மூச்சுக்கும் நடுவில் ஒன்று. அந்த ஒலியோடு கழுத்து முன்னால் வெட்டும், தோள் ஒரு கணம் பின்தங்கி வரும். ஆட்டம் அந்த வெட்டில்தான் இருக்கிறது, மற்ற நேரமெல்லாம் அதற்கான ஏற்பாடு. காதால் வரியை எண்ணிக்கொண்டு, கடைசி அசைக்கு ஒரு மயிரிழை முன்னால் விரலை அழுத்த வேண்டும். கணியான் கூத்தில் மகுடம் என்ற பறையை அடிக்கிறவர் கையைப் பார்த்துத்தானே நீங்கள் தட்டியிருப்பீர்கள்? இங்கே முன்பாட்டுக்காரர் தொண்டையைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போகும், அதுதான் உங்களுக்குக் குறிப்பு. அன்றைக்கு 40 படம் எடுத்தேன், 6 தேறியது.

1/1000 வைத்தால் கழுத்து கல்லாக உறைந்துவிடும். நான் 1/250 வைக்கிறேன். முகம் கூராக இருக்கும், மணிமாலை மட்டும் லேசாகக் கலையும். ஒருமுறை 1/30 வைத்துப் பார்த்தேன், கோழிச்சண்டை மாதிரி வந்தது.

எக்ஸ்போஷர். நம்மூர்க் கல்யாண ஆல்பத்தில் கறுத்த மாப்பிள்ளையை வெளுத்துச் சாம்பல் பூசின மாதிரி ஆக்கிவிடுவார்கள் இல்லையா, அந்தப் பாவத்தை அங்கே போய்ச் செய்யாதீர்கள். கேமராவைத் தானாக விட்டால் வெள்ளைத் துணியைப் பார்த்துப் பயந்து முகத்தை இருட்டாக்கும். மேனுவலில் வையுங்கள். ஸ்பாட் அளவை (ஒரு சின்னப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) முகத்தில், நெற்றியின் பளபளப்பை விட்டுக் கன்னத்தில் எடுங்கள். கறுப்பைச் சாம்பலாக்கப் பார்ப்பதுதான் கேமராவின் புத்தி. அதனால் அது சொல்வதிலிருந்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள், முகம் அதன் நிறத்திலேயே இருக்கும், துணியின் மடிப்பும் பிழைக்கும். வீட்டில் வந்து முகத்தைத் தூக்குவது என்பது சாம்பல் பூசுவதன் இன்னொரு பெயர்.

நேரம் ரொம்ப முக்கியம். மார்சபிட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு டிகிரி சொச்சம்தான். வருஷம் முழுக்க சூரியன் ஆறரை வாக்கில் எழும், ஆறரை வாக்கில் விழும். விழுந்தால் அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் இருட்டு. பதினொன்று முதல் மூன்று வரை கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். ஆனால் மார்சபிட்டில் ஒரு கொடுப்பினை உண்டு. ஊர் எரிமலை மேல் இருக்கிறது, சுற்றிலும் வறண்ட நிலம் கிடக்க இங்கே மட்டும் காடு. காலையில் பல நாள் ஒன்பது மணி வரை மூடுபனி. அந்த வெளிச்சத்தில் கறுத்த தோலில் தெரியும் நிறங்களை எழுத எனக்குத் தெரியவில்லை. குழுவிடம் பேசி, ஆட்டத்தைக் காலை ஏழரைக்கோ மாலை ஐந்துக்கோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலை என்றால் மாடு திரும்பும் நேரம், இளைஞர்கள் கைவேலையாக இருப்பார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லென்ஸ்: 35-ம் 70-200-ம் போதும். 24-70 வேண்டாம். இரண்டு கேமரா இருந்தால் இரண்டிலும் மாட்டியே வையுங்கள். வெளியில் லென்ஸ் கழற்றாதீர்கள், புழுதி மாவு மாதிரி இருக்கும்.

இப்போது என் மானம் போன கதை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் எடுத்த படம் ஒன்றை ஒரு நிறுவனம் காலண்டரில் போட்டது. ஆடும் பெண்கள் நால்வர், நல்ல படம். கீழே "போரானா பெண்கள்" என்று அச்சு. எழுதிக் கொடுத்தவன் நான்தான். பெருமையாக ஒரு பிரதியை மார்சபிட்டில் நான் வழக்கமாகச் சாயா குடிக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அம்மா போரானா. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இது கப்ரா" என்றார். நான் விடவில்லை. அதே மொழிதானே பேசினார்கள், அதே மாதிரி மாலைதானே என்றேன். அவர் விரலை இரண்டாவது பெண்ணின் முகத்தில் வைத்து, "இவள் எங்கே குடியிருக்கிறாள், யார் மகள் என்று சொல்லவா?" என்றார். பிறகு பின்னால் மங்கலாகத் தெரிந்த ஒரு மேட்டைக் காட்டிச் சிரித்தார். அது மேடு இல்லை, ஒட்டகத்தின் திமில்.

கப்ராக்கள் ஒட்டகக்காரர்கள், போரானாக்கள் மாட்டுக்காரர்கள் என்று புத்தகம் சொல்லும். வறட்சிக்குப் பிறகு போரானாக்களிலும் பலர் ஒட்டகம் வைத்திருக்கிறார்கள், அதனால் திமிலை மட்டும் நம்பியும் எழுத முடியாது. ஒரே வழி, கேட்டு எழுதுவது. யார், எந்தக் குழு, எந்த ஊர், என்ன பாட்டு என்று அன்றைக்கே ஒரு நோட்டில். மார்சபிட் பக்கம் போரானா, கப்ரா, ரெண்டில்லே, புர்ஜி எல்லோரும் கலந்து இருக்கிறார்கள். அவர்களுக்குள் மேய்ச்சலுக்காகவும் தண்ணீருக்காகவும் ரத்தம் சிந்திய சண்டைகள் நடந்திருக்கின்றன. நமக்கு அது வெறும் அச்சுப் பிழை, அவர்களுக்கு அப்படி இல்லை. துள்ளிக் குதிக்கும் படத்தைப் போட்டு போரானா என்று எழுதியிருப்பதை நீங்களே இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் சம்புரு என்ற வேறு இனத்து இளைஞர்கள்.

காசு பற்றி: குழு ஆட்டம் என்றால் கட்டாயம் கொடுங்கள், அது அவர்கள் தொழில். தொகையை முந்தின நாளே பேசிவிடுங்கள், எம்-பெசாவில் (அங்கே போனிலேயே பணம் அனுப்பும் முறை) குழுப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள், மற்றவர்கள் முன்னிலையில். தனித்தனியாக ஆளுக்கொரு நோட்டு நீட்டினால் நீங்கள் கிளம்பிய பிறகு அங்கே சண்டை. கல்யாணம், பெயர் வைக்கும் விழா என்றால் அது வேறு. அங்கே காசு என்ற பேச்சே வேண்டாம். சர்க்கரையும் தேயிலையும் வாங்கிப் போங்கள்.

போனவுடன் கேமராவைத் தூக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று நான் சொல்கிறேன். போரானாவில் வணக்கம் சொல்வதற்கே ஐந்து நிமிஷம் ஆகும். "நகா" என்றால் அமைதி. நீங்கள் அமைதியா, பிள்ளைகள் அமைதியா, மாடு அமைதியா, மழை எப்படி என்று ஒவ்வொன்றாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் "நகா" என்று பதில். நடுவில் அவசரப்பட்டால் ஏதோ கெட்ட செய்தி கொண்டுவந்திருக்கிறாய் என்று நினைப்பார்கள். நானே ஒருமுறை வெளிச்சம் போகிறதே என்று அவசரப்பட்டேன். கிழவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் செத்தது?" என்றார்.

கடைசியாக ஒன்று, ஊருக்குத் திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். படத்துக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் என் மச்சான் மாட்டியிருக்கிறான்.

பழைய வாத்தியார் எழுதியது:

ஆத்தி ஆற்றங்கரை சார் கென்யப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் எத்தியோப்பியாவில் ஆறு வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவன். அந்தக் காலத்தில் அங்கே எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நம்மவர் ஒருவர் இருப்பார். என் மாணவர்கள் சிலர் போரானா. விடுமுறையில் அவர்களோடு யாபெல்லோ, துப்லுக் பக்கம் போயிருக்கிறேன்.

அம்மா ஆட்டத்தையே எடுக்கப் போகிறார். நான் கிணற்றையும் பாருங்கள் என்பேன். போரானாவின் 'துலா' கிணறுகள் ரொம்ப ஆழம், சில 30 மீட்டர் வரை போகும். மாடு இறங்க மேலிருந்து சரிவாக ஒரு பாதை வெட்டியிருப்பார்கள், அது போய் நிற்கும் இடத்தில் தொட்டி. அங்கிருந்து கீழே தண்ணீர் வரை ஆள் மேல் ஆளாக ஏணியில் நின்று, தோல் வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். பாட்டு இல்லாமல் அது நடக்காது. வாளி எந்த நொடியில் யார் கையில் இருக்க வேண்டும் என்பதைப் பாட்டுதான் சொல்கிறது. நம் ஏற்றப்பாட்டுக்கும் அதுதானே வேலை. என் தாத்தா ஏற்றம் இறைத்தவர். துப்லுக்கில் அந்தச் சத்தம் குழிக்குள்ளிருந்து எழுந்து வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாணவர்கள் பயந்துபோனார்கள்.

சொல்ல வந்தது, பார்வையாளருக்காக ஆடும் குழுவின் உடம்பு வேறு, வாளி தூக்கும் உடம்பு வேறு. ஆனால் தோள் பின்தங்கி வருகிறது என்று சார் எழுதினாரே, அந்த அசைவை நான் கிணற்றில் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய்ச்சிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். மார்சபிட்டிலேயே உலானுலா என்ற இடத்தில் இப்படிப் பாடும் கிணறுகள் உண்டு. வறண்ட காலம் என்றால்தான் இறைப்பு இருக்கும், மழை பெய்துவிட்டால் மாடு வேறு பக்கம் போய்விடும். கிணற்றுக்கு யார் எந்த நாள் என்று முறை வைக்க ஒருவர் இருப்பார், 'அப்பா ஹெரெகா' என்பார்கள். அவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். அவர் ஆமென்றாலும் ஏணிப் பக்கம் போகாதீர்கள். ஒரு ஆள் உங்கள் லென்ஸைப் பார்த்துத் தவறினால் வாளி கீழே இருப்பவன் தலையில்.

இன்னொன்று. கதா பெரியவர்கள் சிலர் நெற்றியில் 'கல்லச்சா' என்ற உலோக அணி கட்டியிருப்பார்கள். அது நகை இல்லை, சடங்குப் பொருள். "கொஞ்சம் திரும்புங்கள், அது பளபளக்கட்டும்" என்றெல்லாம் சொல்லக் கூடாது. கதா என்பது எட்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு அணியிடமிருந்து அடுத்த அணிக்குப் பொறுப்பு கைமாறும் அவர்களுடைய ஆட்சிமுறை, 2016ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. விழாவில் காப்பிக் கொட்டையைத் தோலோடு நெய்யில் வறுத்துத் தருவார்கள். தட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது பிடித்துப்போய் இரண்டாவது தடவை கேட்டேன், அதற்கு ஏகப்பட்ட சிரிப்பு.

வெயில்காலம் எழுதியது:

1/250 கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. காசு கொடுத்தால் அது நிஜ ஆட்டம் இல்லை, நமக்காக நடிப்பது. ஆவணப் புகைப்படக்காரர் காசு கொடுக்கவே கூடாது என்றுதான் நான் கற்றுக்கொண்டது.

ஆத்தி ஆற்றங்கரை எழுதியது:

தம்பி, அந்த விதி செய்திக்காரனுக்கு. சரியான விதியும்கூட. காசு கொடுத்து ஆளை அழவைத்துப் படமெடுக்கக் கூடாது. ஆனால் கரகாட்டக்காரர் கொடைக்கு வந்தால் சம்பளம் வாங்காமலா ஆடுகிறார்? வாங்கியதால் அது பொய் ஆட்டமா? 2020-லிருந்து அங்கே ஐந்து பருவ மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. சாலையோரம் மாடுகள் வரிசையாகச் செத்துக் கிடந்ததை நான் பார்த்தேன், பம்பு பொருத்தப் போன இடத்தில் தண்ணீர் குடிக்க மாடே இல்லை. அந்த வருஷங்களில் எந்தக் கல்யாணத்திலும் பெரிதாக ஆட்டம் இல்லை, ஆடுவதற்கு யாருக்கு மனசு வரும். கூலிக்கு ஆடிய குழுக்கள்தான் பாட்டை மறக்காமல் வைத்திருந்தன. அந்தக் காசில் தீவனம் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

பொருநைக்கரை அம்மாவுக்கு இன்னொரு விஷயம் மறந்துவிட்டேன். குழுக்காரர்கள் ஆட வரும்போது பின்னால் ஒரு பேனர் கட்டுவார்கள். குழுப் பெயர், போன் நம்பர், சில சமயம் ஏதாவது திட்டத்தின் சின்னம். பச்சை நைலான் துணி, கண்ணை உறுத்தும். நான் மூன்று வருஷம் அந்தப் பேனரோடு மல்லுக்கட்டினேன். இடப்பக்கம் நகர்ந்து, குந்தி உட்கார்ந்து, 200-ல் இழுத்து, எப்படியாவது அதை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிடுவேன். படங்களை வாட்ஸாப்பில் அனுப்பினால் "நன்றி" என்று ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். ஒருநாள் குழுத் தலைவி கேட்டார், "எங்கள் எல்லோரும், பேனரும், ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒன்றுகூட உன்னிடம் இல்லையா?" அவர்களுக்கு அடுத்த நிகழ்ச்சி பிடிக்க அந்தப் படம்தான் வேண்டும். நான் அனுப்பிய முகங்களை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? அன்றைக்கு 16 பேரையும் வரிசையாக நிற்கவைத்து, பேனர் எழுத்து ஒன்றுகூட வெட்டுப்படாமல், பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி எடுத்தேன். நான் எடுத்ததிலேயே மொக்கையான படம் அது. இன்றைக்கும் தலைவியின் வாட்ஸாப் முகப்பில் அதுதான் இருக்கிறது.

பொருநைக்கரை எழுதியது:

சார், வாத்தியார் ஐயா, வெயில்காலம், மூன்று பேருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். "யார் செத்தது" இடத்தில் சத்தமாகச் சிரித்து வீட்டுக்காரரை எழுப்பிவிட்டேன்.

பேனர் விஷயம் எனக்கும் உண்டு. போன மாசிக் கொடையில் ஒரு கணியான் குழுவின் ஃப்ளெக்ஸை மறைத்து மறைத்து எடுத்தேன். குழுவின் தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி ஒருவர் "அம்மா, நம்பர் தெரியுற மாதிரி ஒன்னு" என்று கேட்டும் "அப்புறம் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுக்கவில்லை. நாளைக்கு அவருக்குப் போன் பண்ண வேண்டும்.

தம்பியின் தோழியிடம் பேசினேன். ஆட்டம் மாலை ஐந்துக்கு என்று அவளே சொன்னாள், மாடு மேய்க்கும் பையன்கள் நாலு மணிக்கே வந்துவிடும்படி ஆள் ஏற்பாடு செய்துகொள்வார்களாம். முந்தின நாள் கேமரா இல்லாமல் போய்ப் பாட்டை மட்டும் கேட்கிறேன். தடுப்பூசி போட்டு மூன்று வாரம் ஆகிறது, அந்தக் கவலை இல்லை.

இரண்டு சின்னக் கேள்வி. பெண்கள் அடுக்கடுக்காக வெள்ளி மாதிரி ஒரு மாலை போட்டிருப்பதைப் படங்களில் பார்த்தேன். வெயிலில் அது அடிக்கும் பளபளப்பைச் சமாளிக்க ஏதாவது ஃபில்டர் போட வேண்டுமா? அப்புறம், அங்கேயே அச்சாகும் கேமரா ஒன்று, இன்ஸ்டாக்ஸ் மினி, வாங்கியிருக்கிறேன். பெரியவர்களுக்கு அந்த இடத்திலேயே கையில் கொடுக்கலாம் என்று. ஐந்து பெட்டி ஃபிலிம், பெட்டிக்கு பத்து. போதுமா?

ஆத்தி ஆற்றங்கரை எழுதியது:

அது பல சமயம் வெள்ளி இல்லை, அலுமினியம். ஓட்டை விழுந்த பழைய சமையல் பாத்திரத்தை உருக்கி மணியாக வார்ப்பார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு அளவு, ஓரத்தில் அரத்தின் கீறல் தெரியும். பளபளப்பு கண்ணாடி மாதிரி குத்தாது, மங்கலாகப் பரவும். ஃபில்டர் வேண்டாம், அப்படியே எடுங்கள். முடிந்தால் அந்த அரக்கீறல் தெரிகிற அளவுக்குக் கிட்டப் போய் ஒன்று. ஆனால் மாலை கழுத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள், கழற்றி மடியில் வைத்திருக்கும்போது கேளுங்கள்.

இன்ஸ்டாக்ஸ் நல்ல யோசனை. ஃபிலிமைக் கார் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள், சூட்டில் நிறம் கெட்டுவிடும். தண்ணீர் டப்பாவுக்குப் பக்கத்தில் துணியில் சுற்றி வையுங்கள். முதல் படத்தை வயதில் மூத்த ஜார்சாவுக்கு, அதாவது கிழவருக்குக் கொடுங்கள். இளசுகளுக்கு முதலில் கொடுத்தால் அப்புறம் கிழவர் வாங்க மாட்டார்.

ஐந்து பெட்டி போதாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரும். பத்து எடுத்துக்கொள்ளுங்கள்.